சிவப்பு மருந்து நின்ற நாள்

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டு செய்கிற கம்பெனி ஒன்றில் கடைசி இன்ஸ்பெக்ஷனில் நிற்கிறேன். ஒரு காருக்குள் ஓடுகிற வயர்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, டேப் சுற்றி, ஒரே கட்டாக அனுப்புவோம். என் முன்னால் பலகையில் மாதிரிக்கு ஒரு மாஸ்டர் பீஸ் மாட்டியிருக்கும். சிவப்பு வரவேண்டிய இடத்தில் சிவப்பு வந்திருக்கிறதா, பச்சைக்குப் பக்கத்தில் பழுப்பு இருக்கிறதா என்று அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். சரியாக இருந்தால் விடுவேன். கொஞ்சம் இடித்தாலும், நிறுத்திவை என்கிற 'ஹோல்டு' அட்டையை மாட்டிவிடுவேன். மாட்டிவிட்டால் மேனேஜரே வந்தாலும் காரணம் சொல்லாமல் கழற்ற முடியாது. என் பெயர் கலைவாணி. லைனில் எல்லாரும் 'டவுட்டு கலை' என்றுதான் கூப்பிடுவார்கள்.

இப்படிப்பட்ட ஒருத்தி கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை எழுதுகிறேன். இப்போது ஒரு மருந்துக்கும் அடுத்த மருந்துக்கும் நடுவில் வருகிற நல்ல வாரம். நாக்குக்கு உப்பு தெரிகிறது. உட்கார்ந்தால் உட்கார முடிகிறது. வல்லக்கோட்டைப் பக்கம் எங்கள் தெருவிலும் கம்பெனியிலும் பார்க்கிறவர்களெல்லாம் "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் சொல்லி மாளவில்லை.

இடது மார்பில் கட்டி தெரிந்தபோது சுங்குவார்சத்திரத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினேன். கொழுப்புக் கட்டி என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார் அந்த டாக்டர். அது கரையவில்லை. கூடவே முதுகும் வலித்தது. ஷிஃப்ட் முழுக்க நின்றால் யாருக்குத்தான் முதுகு வலிக்காது என்று அதை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் ஏழுமலை கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். ஒருநாள் லீவு போட்டுவிட்டு, ஹைவேயில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே பயாப்சி எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, கட்டிக்குள் இன்னொரு தடித்த ஊசியை விட்டு, அரிசி நுனி அளவுக்குச் சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவதுதான் பயாப்சி. சதையைப் போட்ட குப்பியில் ஒட்டியிருந்த பெயர் என் பெயர்தானா என்று நான் படித்துப் பார்த்தேன். லேப் பையன் முறைத்தான். அவன் முறைத்தால் எனக்கென்ன? ஊரில் எத்தனை கலைவாணி இருக்கிறார்களோ.

பிறகு ஸ்கேன். சர்க்கரை மாதிரி ஒரு திரவத்தை உடம்பில் ஏற்றி, ஒரு குளிர்ந்த அறையில் பேசாமல் படுக்க வைக்கிறார்கள். நோய் இருக்கிற இடமெல்லாம் அந்தச் சர்க்கரையைப் பேராசையாக இழுத்துக்கொண்டு படத்தில் பளிச்சென்று தெரியுமாம். முடிவு வந்த அன்று வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். கதவைத் திறந்து ஒரு பெண் தலையை நீட்டினாள்.

"கலைவாணியோட அட்டெண்டர் மட்டும் உள்ள வாங்க."

அட்டெண்டர் என்றால் கூட வந்தவர். வியாதி எனக்கு, கூப்பிட்டது அவரை. உள்ளே போனவர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். வந்தவர் நேராக என்னிடம் வராமல் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார்.

"டாக்டரம்மா இன்னாங்க சொன்னாங்க?"

"கேன்சர்தானாம். கட்டி பெருசா கீதாம். மொதல்ல மருந்து ஏத்தி சுருக்கிட்டு, அப்பறம் ஆப்பரேஷன் பண்ணி எடுத்துடலாம்னாங்க. பயப்பட ஒண்ணுமில்லியாம்."

கடைசி வார்த்தையைத் தவிர மற்றதை நம்பினேன். பயப்பட ஒன்றுமில்லை என்றால் ஏன் முகம் கழுவினார்?

கீமோ என்று எல்லாரும் சொல்வது மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவதைத்தான். வேகமாக வளர்கிற செல்லையெல்லாம் அது அடிக்கும். கேன்சர் செல் வேகமாக வளரும், அதனால் அடிபடும். முடியின் வேரும் வாயின் உள்தோலும்கூட வேகமாக வளருமாம், பாவம், அவையும் சேர்ந்து அடிபடும். மூன்று வாரத்துக்கு ஒருதடவை எனக்குக் கொடுத்த மருந்து சிவப்பு. ரோஸ்மில்க் நிறம் இல்லை, நல்ல அடர்ந்த சிவப்பு. முதலில் வாந்தி வராமலிருக்க வெள்ளை பாட்டில்கள் போகும். அப்புறம் சிஸ்டர் ஒரு பெரிய சிரிஞ்சில் அந்தச் சிவப்பை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து மெதுவாக ஏற்றுவார். எரிகிறதா, எரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும் என்பதால் அவ்வளவு ஜாக்கிரதை. அன்று மாலை சிறுநீரும் சிவப்பாகப் போகும். முன்னாலேயே சொல்லியிருந்தார்கள், இருந்தும் முதல்தடவை ரத்தமோ என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இரண்டாவது மருந்துக்குள் தலை மொட்டையாகிவிட்டது. வாயெல்லாம் புண். ஆறிய மோர்க்கஞ்சியைத் தவிர எதுவும் இறங்காது. ஒவ்வொரு தடவையும் மருந்துக்கு முன்னால் ரத்தம் எடுத்து வெள்ளை அணுவை எண்ணுவார்கள். வெள்ளை அணு என்பது உடம்பின் செக்யூரிட்டி. கேட்டில் ஆள் குறைவாக இருக்கும்போது மருந்து ஏற்றினால் எந்தக் கிருமி வேண்டுமானாலும் உள்ளே நுழைந்துவிடும். ஒருதடவை குறைவாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மருந்து ஸ்டாக் இல்லாமல் சாக்கு சொல்கிறார்களோ என்று அன்றைக்கும் சந்தேகப்பட்டேன்.

எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். எதற்கு இத்தனை குப்பி ரத்தம் என்று கேட்டேன். பில்லில் இருக்கிற கையுறையையெல்லாம் நிஜமாகவே போட்டார்களா என்று கவனித்தேன். காத்திருக்கும் இடத்தில் வாலாஜாபாத்திலிருந்து வருகிற ஓர் அம்மா இருந்தார், தன் தங்கைக்குத் துணையாக வருகிறவர். அவர் காதோடு காதாக ஒன்று சொன்னார்.

"பாட்டில நல்லா பாத்துக்கோ கண்ணு. பில்லுல ஒண்ணு எழுதுவாங்க, ஏத்தறது வேறயா இருக்கும். சொல்லிக்கிறாங்க."

யார் சொன்னார்கள், எங்கே நடந்தது என்று அவருக்கே தெரியாது. ஆனால் மெல்லுகிற வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது. அதிலிருந்து சிஸ்டர் மருந்தை எடுக்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். நிறம் சரியாக இருக்கும். சரி, ஓகே என்று மனசுக்குள் பாஸ் போடுவேன்.

ஆஸ்பத்திரியைவிட வீடுதான் எனக்கு அதிகமாக இடித்தது. வீட்டில் எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்கள்.

என் நாத்தனார் தேவகியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணமான நாளிலிருந்து எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். என் குழம்பில் அவள் புளி அதிகம் என்பாள், அவள் குழம்பில் நான் காரம் குறைவு என்பேன். அவள் காஞ்சிபுரத்திலிருந்து பெட்டியோடு வந்து இறங்கி எனக்குச் சமைத்துப்போட ஆரம்பித்தாள். வேண்டுமென்றே ஒருநாள், "இன்னா தேவகி, ரசம் தண்ணியா கீது?" என்று சீண்டினேன்.

"ஆமா அண்ணி, தப்பு பண்ணிட்டேன். வேற வெக்கறேன்" என்றாள்.

தேவகி தப்பு என்று ஒப்புக்கொண்டாள்! அன்றைக்குத்தான் எனக்கு நிஜமான சந்தேகம் வந்தது. என் வீட்டுக்காரரும் அப்படியே. நான் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார். டிவி ரிமோட்டை என் கையில் கொடுத்தார். சண்டே மேட்ச் இருக்கும்போதுகூடக் கொடுத்தார். பிளஸ் டூ படிக்கிற எங்கள் பெண்ணை, அம்மாவை எதிர்த்துப் பேசாதே என்று தனியாகக் கூப்பிட்டு அதட்டினாராம். அவளே என்னிடம் வந்து புகார் சொன்னாள்.

மாதம் ஒருதடவை தனியாக ஒரு ஊசியும் போட்டார்கள். என்ன ஊசி என்று கேட்டதற்கு, "எலும்புக்குச் சத்து ஊசி. மருந்து ஏத்தறவங்க எல்லாருக்கும் போடுவாங்களாம்" என்றார் என் வீட்டுக்காரர். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்கு அதைப் போடவில்லை. அவளுக்குச் சத்து வேண்டாமா? கேட்டால் பேச்சை மாற்றினார். ஆப்பரேஷன் எப்போது என்றால், "டாக்டர் சொல்லுவாங்க" என்பார். டாக்டரம்மாவைக் கேட்டால், "பார்க்கலாம்மா, மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல பார்ப்போம்" என்பார். அந்தப் பார்க்கலாமை லைனில் நான் நிறையக் கேட்டிருக்கிறேன். பார்ட்ஸ் வராது என்று தெரிந்தபிறகு ஸ்டோர்காரர் சொல்கிற பார்க்கலாம் அது.

சிவப்பு மருந்து நாலு தடவை ஆனபின் மறுபடி ஸ்கேன். மறுபடி அட்டெண்டர் மட்டும். மறுபடி அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். "நல்லா கேக்குதாம். இதே மாதிரி போனா போதுமாம்" என்றார்.

இதே மாதிரி என்று அவர் சொன்னதை நான் நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டேன். அடுத்த மருந்துக்குப் போனபோது வழக்கம்போல வெள்ளை பாட்டில்கள் போயின. சிவப்புக்காகக் காத்திருந்தேன். நாகர்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி அன்றைக்கு டூட்டி சிஸ்டர். ஒரு கண்ணாடி பாட்டிலைக் கொண்டுவந்து ஸ்டாண்டில் மாட்டினாள். தண்ணீர் நிறம். டியூபும் வேறு டியூப்.

"சிவப்பு எப்ப வரும் சிஸ்டர்?"

"இன்னைக்கு இதுதான்க்கா மருந்து. கொஞ்ச நேரம் நான் பக்கத்துலயே இருப்பேன். மூச்சு முட்டுச்சுன்னா உடனே சொல்லணும், என்ன?"

சொட்ட ஆரம்பித்துவிட்டது. எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. வயர் மாறினாலும், ஆள் மாறினாலும், மெஷின் மாறினாலும் முன்கூட்டி இன்ஸ்பெக்ஷனுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மாறி வந்த சரக்கை நான் கேள்வியே கேட்காமல் நிறுத்துவேன். அந்தப் பழக்கத்தில் என் வலது கை தானாகவே போய், டியூபில் இருந்த சின்னச் சக்கரத்தை உருட்டி மூடிவிட்டது. சொட்டு நின்றது.

"ஐயோ, எதுக்குக்கா நிப்பாட்டுனீங்க?"

"ஹோல்டு" என்றேன். அந்த வார்த்தைதான் வாயில் வந்தது. "இது என் மருந்து இல்ல. டாக்டரம்மாவக் கூப்பிடு. அவங்க வர வரைக்கும் இதுல யாரும் கை வெக்கக் கூடாது."

வார்டே திரும்பிப் பார்த்தது. கால்மாட்டில் நின்றிருந்த என் வீட்டுக்காரர், "கலை, சும்மா இரு, ஏத்தட்டும்" என்று கெஞ்சினார். டூப்ளிகேட் மருந்தை ஏற்றுகிறார்கள், இந்த மனுஷன் ஏத்தட்டும் என்கிறாரே என்று எனக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது. சக்கரத்தின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

டாக்டரம்மா வந்தார். கோபப்படவில்லை. மருந்து வந்த அட்டைப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி என் கையில் கொடுத்தார். பெயர், பேட்ச், காலாவதித் தேதி எல்லாம் பார்த்தேன். பாட்டிலோடு ஒத்துப்போனது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

"மருந்து சரியான மருந்துதாம்மா. மாத்தியிருக்கோம், அவ்வளவுதான். இது நிறமில்லாமத்தான் இருக்கும்."

"மாத்தினா எனக்குச் சொல்ல வேணாமா மேடம்?"

"உங்க வீட்டுக்காரர்கிட்ட விவரமா சொன்னேனே. அவர் சொல்லலையா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் கட்டிலின் சக்கரத்தைப் பார்த்தார்.

"நல்லா கேக்கற மருந்த எதுக்கு மாத்தினீங்க?"

டாக்டரம்மா என் வீட்டுக்காரர் பக்கம் ஒருதடவை திரும்பினார். சொல்லட்டுமா என்று கண்ணால் கேட்கிறார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

"அவர ஏன் பாக்கறீங்க? என்னப் பாருங்க மேடம். ஒடம்பு என்னுது."

டாக்டரம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் உட்கார்ந்து என்னிடம் பேசியது அதுதான் முதல்தடவை. குரலைத் தாழ்த்தி, நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். முதல் ஸ்கேனிலேயே நோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது. முதுகுவலி அதனால்தான். சத்து ஊசி என்றது எலும்பு நொறுங்காமல் இருப்பதற்கான ஊசி. சிவப்பு மருந்துக்கு மார்பில் இருந்த கட்டி கொஞ்சம் சுருங்கியது, ஆனால் ஈரலில் புதிதாகப் புள்ளிகள் வந்துவிட்டன. அதனால்தான் வேறு மருந்து. இதற்கு நாலாவது கட்டம் என்று பெயர். நோய் பிறந்த இடத்தைவிட்டு வேறு உறுப்புக்குக் குடிபோய்விட்டது என்று அர்த்தம். அடியோடு எடுத்துப்போட முடியாது. மருந்தால் அடக்கி வைக்கலாம். எவ்வளவு காலம் அடங்கும் என்பது ஆளுக்கு ஆள் வேறு.

"அப்ப ஆப்பரேஷன்?"

"இப்போதைக்கு அதால உங்களுக்குப் பிரயோஜனம் இல்லம்மா."

"நான் உங்கள எத்தன தடவ கேட்டேன்?"

"கேட்டீங்க. இவர் கையெடுத்துக் கும்பிட்டு, சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டார். எல்லா வீட்லயும் அப்படித்தான் கேட்கறாங்க. ஆனா நீங்க கேட்டப்ப நான் சொல்லியிருக்கணும்" என்றார்.

பயம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. பக்கத்தில் யாரோ பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் வந்தது கோபம். மருந்தைச் சந்தேகப்பட்டது தப்பு. சிஸ்டரைச் சந்தேகப்பட்டது தப்பு. சந்தேகப்பட வேண்டிய ஆள் கால்மாட்டில் ஃபிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தேவகிக்குத் தெரியும். அவள் புருஷனுக்குத் தெரியும். ஏன், இவர் ஓட்டுகிற பஸ்ஸில் வருகிற இரண்டு பேருக்குக்கூடத் தெரியுமாம். தெரியாதவர்கள் நானும் என் பெண்ணும்தான்.

டாக்டரம்மா எழுந்து போனதும் அவரைக் கிட்டே கூப்பிட்டேன்.

"ஏன் சொல்லல?"

ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சொன்னா செத்துருவேன்னா?"

"இல்ல" என்றார். "ரெண்டு தடவ ரீவொர்க் பண்ணியும் தேறாத பீஸ நீ இன்னா பண்ணுவ? நீயே வந்து சொல்லிக்கினு இருப்பியே, கட் பண்ணி ஸ்கிராப்ல போட்டேன்னு. ஒண்ணும் பிரயோஜனமில்லன்னு தெரிஞ்சா நீ மருந்தே வேணாம்னு எழுந்து வந்துருவ கலை. ஒன்ன எனக்குத் தெரியாதா? அதான் பயந்துட்டேன்."

சொல்லிவிட்டு அழுதார். பஸ் ஓட்டும்போது லாரிக்காரன் உரசிக்கொண்டு போனாலும் அலட்டிக்கொள்ளாத மனுஷன், அத்தனை பேர் பார்க்க ஃபிளாஸ்கைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் சொன்னதில் பாதி நிஜம். சக்கரத்தை மூடியபடி அங்கே படுத்திருந்தபோது எனக்கும் அந்த எண்ணம் வந்தது. போதும், ஊசியைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று. முடி போய், ருசி போய், வாயெல்லாம் புண்ணாகி, கடைசியில் குணமாகாது என்றால் எதற்கு இது?

ஆனால் நான் பீஸ் இல்லையே. எனக்கு இந்த வருஷம் பரீட்சை எழுதுகிற பெண் இருக்கிறாள். தேவகியோடு போடவேண்டிய சண்டை பாக்கி இருக்கிறது. அடக்கி வைக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னாரே, எத்தனை நாளோ, அத்தனை நாளும் எனக்கு வேண்டும். அதை அவரிடம் சொல்லவில்லை. அழுகிற ஆளிடம் என்ன சொல்வது?

"கண்ணத் தொடச்சிக்கோங்க" என்றேன். "இனிமே டாக்டர் கூப்பிட்டா நான்தான் உள்ள போவேன். மொதல்ல எனக்குத் தெரியணும். அப்பறம் நான் உங்களுக்குச் சொல்றேன். பொண்ணுக்கும் நானே சொல்லிக்கறேன். சம்மதமா?"

தலையை ஆட்டினார். நான் சிஸ்டரைக் கூப்பிட்டு, "ஓட விடும்மா" என்றேன். அவள் ஊசியில் அடைப்பு இல்லை என்று பார்த்துவிட்டு, அந்தச் சக்கரத்தை மெதுவாகத் திறந்தாள்.

புதிய மருந்துக்கு வாந்தி குறைவு. ஆனால் விரல் நுனிகள் மரத்துப்போகும். நரம்பின் முனைகளை அது பிடித்துக்கொள்கிறதாம். சட்டைப் பட்டன் போட முடிவதில்லை, மல்லி கிள்ள முடிவதில்லை. கனெக்டருக்குள் பின் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவியே சொல்லிவிடுகிறவள் நான். அந்த விரல் திரும்ப வருமா என்று தெரியாது. அதை நினைத்துத்தான் அதிகமாக அழுதிருக்கிறேன். வீட்டில் மட்டும் ஒரு நல்லது நடந்தது. எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று ஆனதும் தேவகி பழையபடி ஆகிவிட்டாள். "ரசம் தண்ணியா இருந்தா நீயே எழுந்து வெச்சிக்கோ அண்ணி" என்றாள். எனக்கு உயிர் வந்தது.

பெண்ணிடம் நான்தான் சொன்னேன். ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் கட்டிலிலேயே வந்து உட்கார்ந்துகொண்டாள். இப்போதும் அங்கேதான் படிக்கிறாள்.

போன வாரம் ஸ்கேன் முடிவு வந்தது. அதே பிளாஸ்டிக் நாற்காலி. அதே பெண் கதவைத் திறந்து, "அட்டெண்டர் மட்டும்" என்றாள். பழக்க தோஷம், அவர் எழுந்துவிட்டார். நான் பார்த்த பார்வையில் உட்கார்ந்தார். நான் உள்ளே போனேன். டாக்டரம்மா கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துப் படத்தைக் காட்டிச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கேட்கவேண்டியதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

"இன்னா சொன்னாங்க?"

"ஈரல்ல இருந்தது சின்னதாயிருக்காம். எலும்புல இருக்கறது அப்படியே கீதாம், ஏறல. மருந்து கேக்குதாம். இதையே தொடரலாம்னாங்க."

எழுந்து குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகையில் வயர் கட்டை நான் பார்க்கிற பார்வை அது.

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

"பொண்ணு மேல சத்தியமா?"

"இன்னாங்க இது? நான் ஏன் உங்ககிட்ட பொய் சொல்லப் போறேன்?"

"இதே மூஞ்சிய வெச்சிக்கினுதான் நானும் ஒன்கிட்ட சொல்லிக்கினு இருந்தேன்" என்றார்.

அவர் கையைப் பிடித்து எழுப்பினேன். விரல் மரத்திருந்ததால் மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கதவைத் தட்டி அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

"மேடம், இவர் நம்ப மாட்டேங்கறாரு. எனக்குச் சொன்னத இவருக்கும் ஒருதடவ சொல்லுங்க" என்றேன்.